தோணிகள் இறங்காத ஐப்பசி

தோணிரேவு,
பிரபவ வருஷம், ஆனி மாதம்.

திருப்பாலைவனத்தில் இருக்கும் என் அக்கா முத்தம்மாளுக்குத் தங்கை குப்பம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நைனா, அம்மா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்த ஓலையைப் பூபதி அத்தை கருவாட்டுக் கூடையின் அடியில் வைத்துக் கொண்டுவருவாள். நைனாவுக்குத் தெரியாது. நீ வீட்டில் சொல்லாமல் மாமாவோடு போன நாளிலிருந்து நைனா உன் பேரை வாயால் சொல்வதில்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன வழியில்தான் நீ மாமாவைப் பார்த்தாய் என்று என் படிப்பையும் நிறுத்திவிட்டார். எனக்கு உன்மேல் கோபமில்லை. வாத்தியார் கேள்வி கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பயம் விட்டது. எழுத்துதான் மறந்துவிடுமோ என்று மணலில் எழுதிப் பார்க்கிறேன்.

ஊரில் பெரிய பேச்சு ஒன்று. ஏரியில் இன்றைக்கு இவர் வலை கட்டும் முறை, நாளைக்கு அவர் முறை என்று நம் குடும்பங்களுக்குள் மட்டும் சுற்றிவந்த பாடு என்ற முறையில் இப்போது ஒல்லாந்தர் கோட்டைக்கும் ஒரு முறை வந்துவிட்டது. நைனாதான் பேசி முடித்தார். மாதத்துக்கு மாதம் மீன் கூடை கூட்டிக் கேட்டார்களாம். காணிக்கை வேண்டாம், எங்களைப் போல நீங்களும் ஒரு பங்காளியாக இருங்கள், உங்கள் முறையில் விழுவது உங்களுக்கு என்று நைனா சொன்னாராம். கோட்டைத் துரை சிரித்துவிட்டு, பாடு வழக்கம் எல்லாவற்றுக்கும் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டாராம். துரை பேச்சை நமக்கும் நம் பேச்சைத் துரைக்கும் மாற்றிச் சொல்லும் துபாஷி மாசிலாமணிதான் சாட்சி.

ஊர்க்கூட்டத்தில் கோதண்டம் சித்தப்பா எல்லோர் முன்னாலும், "சடையன் வூட்டுப் பொண்ணு சொல்லாம போச்சு. பாடு சொல்லிட்டுப் போவுது" என்றார். ஊரே சிரித்தது. நைனாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம் சொல்.

உன் தங்கை,
குப்பம்மாள்.


திருப்பாலைவனம்,
ஆனிக் கடைசி.

அன்புத் தங்கை குப்பம்மாளுக்கு முத்தம்மாளின் ஆசி. நாங்கள் இருவரும் சுகம். என் கைக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். உன் மாமா கேசவன்தான் எழுதுகிறார். அதனால் அவரைப் பற்றிக் குறையாக ஒன்றும் எழுத முடியாது.

இந்த வருஷமும் மழை தள்ளிப்போகிறது. வயலில் வேலை இல்லாததால் மாமா வீட்டிலேயே இருக்கிறார். எனக்குப் பேச்சுத்துணை ஆயிற்று. எருமையை அவருடைய அண்ணன் ஊருக்கு அனுப்பிவிட்டோம், இங்கே கட்டிப்போட இடமில்லை. பூபதி அத்தை கொண்டுவந்த கருவாடு நன்றாக இருந்தது. இன்னும் இருந்தால் கொடுத்தனுப்பு. பக்கத்து வீட்டுக்காரி ஆசைப்படுகிறாள்.

அம்மாவிடம் மட்டும் சொல். எனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது. இப்போதெல்லாம் பசி அதிகம் எடுப்பதில்லை. பிள்ளை உண்டானால் அப்படித்தானாம்.

நைனா சிரித்தார் என்று எழுதினாயே, பல் தெரியச் சிரித்தாரா, வாயை மூடிச் சிரித்தாரா?

முத்தம்மாள்.


தோணிரேவு,
ஆடி மாதம்.

அக்காவுக்குக் குப்பம்மாள் எழுதுவது. எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதினாள். பிறகு பூபதி அத்தையின் கூடையில் நான் வைத்ததற்குமேல் இன்னொரு கை கருவாடு அள்ளிப் போட்டாள்.

எருமை கட்ட இடமில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்குப் பின்னால் அவ்வளவு இடம் கிடக்கிறதென்று அத்தை சொல்கிறாளே? நைனா வாயை மூடித்தான் சிரித்தார்.

பழவேற்காட்டுப் பாதையில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். கோட்டையில் அரிசி கொடுக்கிறார்களாம். சோறு போடுகிறவர்கள் நல்லவர்கள்தானே என்று கேட்டேன். அரிசி வாங்கிக்கொண்டு ஓலையில் கைந்நாட்டு வைத்தவர்கள் கப்பலில் ஏறி, கடலுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போக வேண்டும், அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவரை யாரும் பார்த்ததில்லை என்று அத்தை சொன்னாள். பாடு உள்ள குடும்பத்து ஆட்களைத் தொடுவதில்லை என்று துரை நைனாவிடம் சொல்லியிருக்கிறாராம். அதனால் நம் ஊருக்குப் பயமில்லை.

ஆனால் அந்தக் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போக நம் தோணிகளைத்தான் கேட்கிறார்கள். முகத்துவாரத்தில் மணல் எங்கே நகர்ந்திருக்கிறது என்று கோட்டைத் தோணிக்காரர்களுக்குத் தெரியாது. நைனா "ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்குக் கோபம். உனக்கு இல்லை என்று சொல்லவே வராதா என்று கேட்டாள்.

நைனா வலையைப் பார்த்துக்கொண்டே, "முகத்துவாரத்துல குடியிருக்கிறவன் அலைகிட்ட இல்லைன்னு சொல்வானா? காத்து பார்த்துச் சொல்றோம்னுதான் சொல்லணும்" என்றார்.

அது சம்மதமா மறுப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குப்பம்மாள்.


தோணிரேவு,
ஆவணி மாதம்.

அக்கா, நீயும் மாமாவும் சுகமா? இரண்டு ஓலை அனுப்பினேன். இரண்டையும் பூபதி அத்தை திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். உன் வீட்டுக் கதவு கயிற்றால் கட்டியிருக்கிறதாம். பக்கத்து வீடும் அப்படியேதானாம். பக்கத்து வீட்டுக்காரி ஊரைவிட்டுப் போய் மாதக்கணக்காகிறது என்று யாரோ சொன்னார்களாம். அப்படியானால் அந்தக் கருவாட்டை நீ யாருக்குக் கொடுத்தாய்?

மாமாவின் அண்ணன் ஊருக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அங்கேதானே எருமை இருக்கிறது.

குப்பம்மாள்.


பழவேற்காடு, கோட்டைக்கு உள்ளிருந்து,
புரட்டாசி.

தங்கை குப்பம்மாளுக்கு. நாங்கள் சுகம். இங்கே சோறு போடுகிறார்கள். கருவாடு கொண்டுவரும் பூபதி அத்தையைச் சமையல்கட்டு வாசலில் பார்த்தேன். அத்தை அழுதாள், நான் அழவில்லை.

வேலை என்றுதான் சொன்னார்கள். உன் மாமா படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். எனக்கும் சேர்த்து அவரே வைத்தார். ஓலையில் இருந்ததும் வேலை என்றுதான். எந்த ஊரில் என்று இல்லை.

என் பக்கத்தில் படுத்திருக்கிறவள் பேர் செங்கேணி. நன்றாகப் பேசுவாள். கப்பல் வந்து நிற்கிறதாம். காற்று சரியாக இருக்கும்போது ஏற்றுவார்களாம்.

நைனாவிடம் சொல்லாதே. அவர் முன்னால் நின்று கேட்கும் உரிமையை நானே விட்டுவிட்டுப் போனவள்.

முத்தம்மாள்.


தோணிரேவு,
புரட்டாசிக் கடைசி.

அக்கா, உன் உடம்பு எப்படி இருக்கிறது? வயிற்றில் பிள்ளை அசைகிறதா? இங்கே நடக்கிறது எதுவும் எனக்குப் புரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீ வேண்டாம் என்றும் நைனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மடவை மீனாகப் பொறுக்கி ஒரு கூடை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனார். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னது இதுதான். மகளை விடுங்கள் என்று கேட்டாராம். அவள் பாடு உள்ள வீட்டைவிட்டு எப்போதோ போனவள், கையெழுத்தும் இருக்கிறது, இப்போது கோட்டையின் ஆள் என்று துரை சொன்னாராம். அதற்கும் நைனா "ஆவட்டும்" என்று சொல்லி, மீனைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கூட்டம் கூட்டினார். எல்லோரும் வந்ததும் எழுந்து நின்று, "என் மக முத்தம்மா செத்துட்டா" என்றார்.

அக்கா, நீ போன பிறகு அவர் உன் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரவோடிரவாக உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பூபதி அத்தையின் கையைப் பிடித்தேன். அத்தை மெதுவாக, காலையில் கூட உன்னைப் பார்த்ததாகச் சொன்னாள். கூட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பாடு உள்ள வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை கரையோரக் குப்பங்களில் ஒரு தோணியும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் கப்பலைப் பற்றிப் பேசவில்லை.

கோதண்டம் சித்தப்பா மட்டும், கட்டிக்கொடுத்த பெண்ணின் சாவுக்குப் பிறந்த வீட்டில் இவ்வளவு தீட்டு கிடையாதே, ஊரைப் பட்டினி போடலாமா என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள்.

நைனா சொன்னார்: "நான் எங்க கட்டிக் குடுத்தேன்? அதான் சொல்லாம போச்சேன்னு நீதான சிரிச்சே. கட்டிக் குடுக்காத பொண்ணு. என் வூட்டுப் பொண்ணாத்தான் செத்தா."

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். மாமாதான் இதைப் படித்துக் காட்டுவார் என்று தெரிந்தே எழுதுகிறேன். மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடலில் போய்ப் பிணம் கிடைக்காதவர்களுக்குச் செய்வது போல வைக்கோலில் உருவம் கட்டி, நீ விட்டுப்போன பச்சைச் சேலையைச் சுற்றிக் கிடத்தினார்கள். அம்மா அழுதது நிஜமாகவே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நீ அங்கே சோறு தின்றுகொண்டிருக்கும்போது எப்படி அழுவேன்? மூலையில் நின்றேன்.

அப்போது துபாஷி மாசிலாமணி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, உருவத்தைப் பார்த்தார், எல்லோரையும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பார்த்ததைத்தான் நான் துரைகிட்ட சொல்லணும், சடையா. கூடப் பொறந்த பொண்ணு கண்ணுல தண்ணியே காணோமே" என்றார்.

நைனா நேராக வந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். இதுவரை என்னை அவர் அடித்ததே இல்லை. நான் உடைந்து அழுதேன். மாசிலாமணி தலையை ஆட்டிவிட்டு, "இப்ப பார்த்துட்டேன்" என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அவர் நம் பக்கமா, அவர்கள் பக்கமா?

தோணிகளை எல்லாம் மணலில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார்கள்.

உயிரோடு இருக்கும் உனக்கு இதை எழுதலாமோ கூடாதோ தெரியவில்லை.

குப்பம்மாள்.


கோட்டைக்கு உள்ளிருந்து,
ஐப்பசி.

தங்கைக்கு. சுகமாக இருக்கிறேன், பிள்ளை உதைக்கிறது. உன் ஓலையை மாமா படித்துக் காட்டினார். கட்டிக்கொடுக்காத பெண் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை தனக்குள் படித்தார். பிறகு, உன் அப்பா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இதை எழுதவேண்டாம் என்றார், நான்தான் எழுதச் சொன்னேன்.

கன்னம் வீங்கியதா? பச்சைச் சேலையை எரித்துவிட்டார்களா?

இங்கே எல்லோருக்கும் என் சாவு தெரிந்துவிட்டது. செங்கேணி ஒருநாள் முழுக்கச் சிரித்தாள். செத்தவளே, கொஞ்சம் தள்ளிப் படு என்கிறாள். மேலே போய்ப் பார்க்கிறவர்கள் கப்பல் இன்னும் நிற்பதாகச் சொல்கிறார்கள். வெளியே தோணிச் சத்தமே இல்லை.

நைனா என் பேரைச் சொன்னபோது முழுப் பேரையும் சொன்னாரா?

முத்தம்மாள்.


தோணிரேவு,
ஐப்பசிக் கடைசி.

அக்காவுக்கு. உடம்பைக் கவனித்துக்கொள். முத்தம்மா என்றுதான் சொன்னார், நீ சின்ன வயதில் இருந்தபோது கூப்பிட்ட மாதிரி. சேலையை எரித்துவிட்டார்கள்.

கருமாதிக்கு நாள் பார்க்கப் பார்க்க எந்த நாளும் சரியாக அமையவில்லை. ஐயர் சொன்ன நாளை நைனா வேண்டாம் என்றார், நைனா சொன்ன நாளைப் பக்கத்துக் குப்பத்தார் வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வீடு கருவாடு தீர்ந்துபோயிற்று. பெண்கள் சேற்றில் இறங்கிக் கையால் நண்டு பிடிக்கிறோம். தோணிதானே இறங்கக் கூடாது, கை இறங்கலாமே. சடையன் மகள் செத்தாளோ இல்லையோ நம் பிள்ளைகள் செத்துவிடும் என்று கோதண்டம் சித்தப்பா வாசலில் நின்று கத்தினார். ஆனால் அவர் தோணியும் கவிழ்ந்தேதான் கிடக்கிறது.

துரை மூன்று தடவை ஆள் அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் நைனா கைகட்டி நின்று, பங்காளி வீட்டுச் சாவு, துரையும் பாடு உள்ளவர்தானே, அவருக்கும் தீட்டு உண்டு, குளித்துவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று பணிவாகச் சொல்லி அனுப்பினார். ஒரு தடவை கூட இல்லை என்று சொல்லவில்லை.

போன வாரம் வாடைக் காற்று அடித்தது. கடல் புரண்டது. கப்பல் ஒருவரையும் ஏற்றாமல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மழையில் நனைந்துகொண்டு எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம்.

நேற்று மாசிலாமணி வந்தார். கோட்டைக்கு விறகும் நெல்லும் தோணியில்தான் வர வேண்டும், மழையில் வண்டிப் பாதை போய்விட்டது. ஆனால் அதை அவர் சொல்லவே இல்லை. மழையைப் பற்றிப் பேசினார், அம்மாவின் இருமலைப் பற்றிக் கேட்டார். போகும்போது, "செத்தவங்க பேரு எங்க ஏட்டுல இருக்கக் கூடாதாம். அடிச்சுட்டோம், சடையா. வந்து எடுத்துக்க" என்றார். நைனா "ஆவட்டும்" என்றார்.

மாசிலாமணி இரண்டடி போய்த் திரும்பினார். "கூட ஒரு ஆம்பள கீறான். அவள உட்டு நகரமாட்டேங்கறான். அவன் யாரு?" என்று கேட்டார்.

அக்கா, மருமகன் என்று சொன்னால் நீ கட்டிக்கொடுத்த பெண். அப்புறம் இத்தனை நாள் தீட்டும் பொய். யாரோ என்று சொன்னால் மாமா உள்ளேயே இருப்பார்.

"பொணம் தூக்க ஆள் வேணும்ல" என்றார் நைனா.

மாசிலாமணி சிரிக்காமல் தலையை ஆட்டினார்.

நாளைக்கு மேற்கு வாசலில் விடுவார்கள். ஆனால் நீ இங்கே வரக்கூடாது. கருமாதிக்கும் இனி நாள் அமைந்துவிடும். கருமாதி ஆன பெண் ஊருக்குள் நடந்தால் துரை எல்லோரையும் பொய்யர் என்பார். நைனா சொல்லச் சொன்னது இவ்வளவுதான். உன்னைக் காப்பாற்றினாரா, தொலைத்தாரா என்று நான் அம்மாவைக் கேட்டேன்.

குப்பம்மாள்.


ஆரணியாற்றங்கரை,
மார்கழி.

தங்கை குப்பம்மாளுக்கு ஆசி. மாமாவின் அண்ணன் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பெண் பிறந்திருக்கிறது. சின்னதாக இருக்கிறாள், ஆனால் சத்தம் பெரிது. இங்கே மழை நன்றாகப் பெய்து நிலம் பச்சையாக இருக்கிறது. எருமை இல்லை. அதை எப்போதோ நெல்லுக்கு விற்றுவிட்டோம், உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

வரும்போது ஏரியோரமாகத்தான் வந்தோம். நைனா கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் வயிற்றையும் பார்த்தார். பிறகு காற்று பார்ப்பதுபோல முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் கண்ணுக்கு மறையும்வரை அப்படியே நின்றார். நான் கூப்பிடவில்லை.

கோட்டையில் இருந்தவர்களை விடவில்லை. நாங்கள் இருவர்தான் வெளியே வந்தோம். கிளம்பும்போது செங்கேணி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் எப்படிப் போகிறாய் என்று கேட்டாள். எங்கள் ஊரில் எனக்காக அழுதார்கள் என்று சொன்னேன். எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் தெரியவில்லை.

முத்தம்மாள்.


தோணிரேவு,
தை மாதம்.

உன் பேரை எழுத வேண்டாம் என்று நைனா சொல்லியிருப்பதால் அதைப் போடாமல் எழுதுகிறேன். நீயும் குழந்தையும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். ஏரியில் இறால் நிறைய விழுகிறது. கோட்டையின் முறையில்தான் அதிகம் விழுந்தது.

காற்று அடங்கிக் கப்பல் திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை ஊரில் சாவு எதுவும் இல்லை. தோணிகள் எல்லாம் இறங்கின. முதல் தோணி நைனாவுடையது.

நான் அவருக்குக் கஞ்சி கொண்டு கரைக்குப் போனேன். கோட்டையில் இருந்தவர்களை அங்கே வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒருத்தி என்னையே உற்றுப் பார்த்தாள். "நீ அந்தச் செத்தவளோட தங்கச்சியா? ஜாடை தெரியுதே" என்றாள். நான் தலையை ஆட்டினேன். தன் பேர் செங்கேணி என்றாள்.

"உங்க ஊர்ல யாராச்சும் அழுதா உட்டுருவாங்களாமே. எனக்காக அழுவியா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கேட்பது போலக் கேட்டாள். எனக்கு வாயே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கும்போது வராததுபோலவே வரவில்லை. நைனாவைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கும், பக்கத்தில்தான் நின்றார். "காத்து மாறிடும். ஏறும்மா" என்று அவளிடம் சொன்னார். அவள் ஏறினாள். ஏறும்போது கால் நழுவியது. நைனா கை கொடுத்தார்.

சாயங்காலம் நைனாவிடம் கேட்டேன். அவரிடம் நானாக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. இவர்களுக்கும் ஒரு சாவு எடுத்திருக்கக் கூடாதா என்றேன்.

"ஒரு வாட்டி எடுத்தா அது சாவு. ரெண்டாம் வாட்டி எடுத்தா சண்டை" என்றார். "சண்டை போட நம்மகிட்ட இன்னா கீது, சொல்லு."

அவர் சொல்வது சரி என்று தோன்றுகிறது. சரி என்று தோன்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை.

காலையில் தோணி கிளம்பும்போது செங்கேணியிடம் எந்த ஊர் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்டுவிட்டேன். பொன்னேரிப் பக்கம் என்றாள், அதற்குள் தோணி நகர்ந்துவிட்டது. அலைச் சத்தத்தில் ஊர்ப்பேர் காதில் விழவில்லை. மாமாவை அந்தப் பக்கத்து ஊர்களில் விசாரிக்கச் சொல். அவளுக்கு அம்மாவோ அக்காவோ யாராவது இருப்பார்கள். அவள் போய்விட்டாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அழுதால் இனி யாரும் விடப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லச் சொல்.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாளா? உன் சுகத்துக்கு இரண்டு வரி எழுது. பூபதி அத்தை வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருவாள்.

குப்பம்மாள்.